ஒரு நூல் பிசகு எங்கே தெரியும்: உடுமலைப் பக்கத்து வீட்டு மர வேலைக்கு லேசர் லெவல் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

உடுமலைப்பேட்டைக்கும் ஆனைமலைக்கும் நடுவே தென்னந்தோப்புக்குள் நிற்கும் ஒரு பழைய தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம், முன்னால் 40 அடி நீளத்துக்கு ஆசாரம், அதாவது தூண் வைத்த முன்கூடம். வீட்டுக்காரர் கேட்ட வேலை மூன்று. சமையலறைக்கும் இரண்டு படுக்கையறைக்கும் பிளைவுட் அலமாரி. பெரிய அறைக்குச் சுவர் பேனலும் ஃபால்ஸ் சீலிங்கும். முன் ஆசாரத்தில் உளுத்துப்போன பனைமரச் சட்டங்களைக் கழற்றி, தேக்கில் உத்திரமும் (தூண்கள் மேல் படுக்கும் பெரிய சட்டம்) கைமரமும் (கூரையின் சரிவுச் சட்டம்) ரீப்பரும் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) போட்டு, இருக்கிற மங்களூர் ஓட்டையே மறுபடியும் வேய்வது.

கூடவே ஒரு கண்டிப்பான நிபந்தனை. காவித் தரையில் எங்கேயும் கை வைக்கக் கூடாது. அவருடைய அப்பா காலத்தில் போட்ட தரை, இன்றும் முகம் தெரிகிற பளபளப்பு. அந்த ஒரு நிபந்தனைதான் எங்கள் அளவு வேலையை முழுக்க மாற்றியது. சமையலறையில் 14 அடிக்குள் தரை தொட்டியைப் பார்த்து ஒன்றேகால் அங்குலம் சரிந்திருந்தது. கழுவி விட்டால் தண்ணீர் தானாக முற்றத்துக்கு ஓட வேண்டும் என்று அந்தக் காலத்துக் கொத்தனார் வேண்டுமென்றே வைத்த வாட்டம் அது. சுவரோ மண்ணும் சுண்ணாம்பும். எட்டடி உயரத்தில் 18 மி.மீ. வெளியே சாய்ந்த இடமும் உண்டு. தரையிலிருந்து அளந்தாலும் தவறு, சுவரிலிருந்து அளந்தாலும் தவறு. இரண்டையும் நம்பாத மூன்றாவது கோடு ஒன்று வேண்டியிருந்தது.

குழுவிடம் அதுவரை இருந்தவை டியூப் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், நூல். அந்த வேலையின் அளவுகளுக்குப் பொறுப்பு என்னுடையது. சுவரில் ஒளிக்கோடு போட்டு மட்டம் காட்டும் லேசர் லெவல் வாங்கலாம் என்று பேச்செடுத்ததும் மூத்த ஆசாரி கேட்டார்: "ஏனுங் தம்பி, டியூப்புல என்னங் கொறை? தண்ணி பொய் சொல்லாதுங்."

கேட்டதில் நியாயம் இருந்தது. காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிய டியூபைக் கவனமாகப் பிடித்தால் 40 அடிக்கு இரண்டு மி.மீ.க்குள் மட்டம் காட்டும். விலை குறைந்த லேசர் எதுவும் அந்தத் தூரத்தில் அதைவிட ஒழுங்காகக் காட்டும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. "மட்டத்துக்கு டியூப்பே போதுங்ணா. தூக்குக்கும் மூலைக்கும்தான் வேணும்" என்றேன். தூக்கு என்றால் செங்குத்து, மூலை என்றால் 90 பாகை. தேர்வு முழுக்க அந்தப் பதிலைச் சுற்றியே நடந்தது.

தண்ணீரால் முடியாதவை மூன்று. ஒன்று, கோடு நாள் முழுக்கச் சுவரில் நிற்பது. டியூப் புள்ளியைத்தான் தரும், லேசர் அறை முழுக்கச் சுற்றிய கோட்டைத் தரும், நான்கு பேர் நான்கு மூலையில் ஒரே நேரத்தில் அளக்கலாம். இரண்டு, செங்குத்தான தளம். தூக்குக்குண்டு ஒரு கோட்டைத் தரும், லேசர் தரை, சுவர், கூரை மூன்றிலும் ஏறி இறங்குகிற ஒரு முழுத் தளத்தைத் தரும். மூன்று, அப்படி இரண்டு தளங்கள் ஒன்றையொன்று 90 பாகையில் வெட்டுவது. லேசர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கிடைமட்டக் கோட்டை மட்டும் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். மர வேலைக்காரன் காசு கொடுப்பது அந்த மற்ற இரண்டு கோடுகளுக்கு. சோதனையும் அவற்றுக்குத்தான் முக்கியமாக நடக்க வேண்டும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்

மரத் தச்சில் ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம், மூன்று மி.மீ.க்குச் சற்றுக் கூட. பல லேசர் பெட்டிகளில் போட்டிருக்கும் "10 மீட்டருக்கு ±3 மி.மீ." என்பதை "33 அடிக்கு ஒரு நூல்" என்று சொன்னபோதுதான் குழுவில் எல்லோருக்கும் கணக்கு பிடிபட்டது. மீட்டருக்கு 0.3 மி.மீ. கொஞ்சம் உயர்ந்த ரகத்தில் மீட்டருக்கு 0.2 கிடைக்கும்.

இதை எங்கள் வேலையின் மேல் வைத்துப் பார்த்தோம். சமையலறை 14 அடிக்கு 11 அடி. லேசரை நடுவில் வைத்தால் மூலைக்கு அதிகபட்சம் 9 அடி, அதாவது 2.7 மீட்டர். பிசகு 0.8 மி.மீ.க்குள். பென்சில் கோட்டின் தடிமன் அளவு, கவலை இல்லை. அலமாரி உயரம் 7 அடி. அதன் பக்கப்பலகை தூக்கில் ஒரு நூல் பிசகினால் இரண்டு கதவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று ஆப்பு வடிவில் தெரியும். அந்த இடைவெளியே இரண்டு மூன்று மி.மீ.தான். கீலைத் திருகிச் சரிசெய்யலாம் என்பார்கள். வரிசையாக ஆறு கதவு வரும்போது அந்தச் சமாளிப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போகும்.

முன் ஆசாரம் 40 அடி, 12.2 மீட்டர். மீட்டருக்கு 0.3 என்றால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 3.7 மி.மீ. பிசகலாம். ஓட்டுக் கூரைக்கு இது ஒன்றுமே இல்லை. உத்திரம் கால் அங்குலம் ஏறி இறங்கினாலும் மழை ஒழுகாது. முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று போனால்தான் ஓட்டு வரிசை சாய்வது வாசலில் நின்று பார்ப்பவர் கண்ணில் படும்.

ஆக, நாங்கள் தூரத்தில் செய்யும் வேலைக்குத் துல்லியம் குறைவாகப் போதும். கிட்டத்தில் செய்யும் வேலைக்குத்தான் நிறைய வேண்டும், அதுவும் செங்குத்துத் தளத்தில். "30 மீட்டர் வரை தெரியும்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணுக்கு எங்கள் தேர்வில் இடமே இருக்கவில்லை.

கையில் எடுத்துப் பார்த்தவை

கோவையில் ஒரு கருவிக் கடை. பின்பக்கக் கிடங்கில் வைத்துச் சோதித்துப் பார்க்க அனுமதித்தார்கள். அப்படி அனுமதிக்காத கடையில் வாங்குவதில்லை என்று முன்பே பேசிவைத்திருந்தோம். மூன்று ரகம் பார்த்தோம். சிவப்பு ஒளியில் ஒரு கிடைக்கோடும் ஒரு செங்குத்துக்கோடும் மட்டும் அடிக்கும் சிறியது. சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் "12 லைன்" பச்சை. அதைப்போலப் பல மடங்கு விலையில், மூன்று தளம் அடிக்கும் பச்சை. சுழலும் ரோட்டரி லேசரையும் காட்டினார்கள். எங்கள் வேலைக்கு அது தேவைக்கு மிஞ்சியது என்று அப்போதே விட்டுவிட்டோம்.

"12 லைன்", "16 லைன்" கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு முழுச் சுற்றை நான்கு கோடாக எண்ணுகிறார்கள். ஒரு கிடைத்தளம், இரண்டு செங்குத்துத் தளம், ஆளுக்கு நான்கு, மொத்தம் 12. இன்னொரு கிடைத்தளம் சேர்ந்தால் 16. மூன்றாம் ரகப் பெட்டியில் "மூன்று தளம்" என்று போட்டிருந்ததும் அதே 12 லைன்தான். விலை வித்தியாசத்துக்கும் கோட்டு எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.

நிறத்துக்கு வருவோம். பகல் வெளிச்சத்தில் நம் கண் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்து ஒளியை. சிவப்பு லேசர் லெவல்கள் 635-ஐ ஒட்டி இருக்கும். இன்றைய பச்சை டயோடுகள் (லேசர் ஒளியை உண்டாக்கும் சில்லுகள்) 515 முதல் 520. ஒரே சக்தியில் 520 பச்சை, 635 சிவப்பைவிட மூன்று மடங்குக்குச் சற்று மேல் வெளிச்சமாகத் தெரியும். "நான்கு மடங்கு" என்று விளம்பரங்களில் வருவது 532 நானோமீட்டர் பச்சைக்குத்தான் சரியாகப் பொருந்தும், அது பழைய வகை. அதில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்கி, இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 ஆக்கும். இத்தனை படி இருப்பதால் குளிரிலும் வெயிலிலும் வெளிச்சம் மாறும், மின்சாரமும் அதிகம் தின்னும். 2009 வாக்கில் நிச்சியா, ஓஸ்ராம், சுமிட்டோமோ ஆகியவை படிகம் இல்லாமல் நேரடியாகப் பச்சை தரும் டயோடுகளை அறிவித்தன. இப்போதைய பச்சை லெவல்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. வாங்கும்போது அலைநீளம் எவ்வளவு என்று ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

சமையலறை ஜன்னல் கிழக்கு, காலை வெயில் நேராக உள்ளே விழும். அதனால் பச்சை என்று முடிவு. இருட்டு அறையில் மட்டும் வேலை என்றால் சிவப்பே போதும், பேட்டரியும் கூட நேரம் நிற்கும். பச்சையோ சிவப்போ, வெட்டவெளி வெயிலில் எந்தக் கோடும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே டிடெக்டர், அதாவது கோடு படும் இடத்தில் ஒலி எழுப்பும் சிறு கருவி வேண்டும். அந்த டிடெக்டர் பிடிப்பதற்கு லேசரில் பல்ஸ் மோடு, அதாவது ஒளியை வேகமாக விட்டுவிட்டு அடிக்கும் முறை இருக்க வேண்டும். 12 லைன் ரகத்தில் கடைக்காரர் காட்டியதில் பல்ஸ் மோடு இல்லை.

கிடங்கில் நடந்த சோதனை

கிடைமட்டத்துக்கு எல்லோரும் சொல்லும் இரட்டைச் சுவர் சோதனைதான். எதிரெதிராக ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர். லேசரை முதல் சுவருக்கு அருகில் வைத்து அதில் ஒரு குறி, அப்படியே 180 பாகை திருப்பி எதிர்ச் சுவரில் ஒரு குறி. பிறகு லேசரை எதிர்ச் சுவருக்கு அருகில் கொண்டுபோய், உயரத்தை ஏற்றியிறக்கி அங்குள்ள குறியிலேயே கோடு விழும்படி நிறுத்த வேண்டும். திருப்பி முதல் சுவரில் அடித்தால் பழைய குறிக்கும் புதுக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் பிசகின் இரட்டிப்பு. மீட்டருக்கு 0.3 என்றால் ஆறு மீட்டருக்கு அனுமதி 3.6 மி.மீ. சிவப்பு 2 காட்டியது, 12 லைன் 3, மூன்றாவது 1. மூன்றுமே தேறின. இங்கேயே நிறுத்தியிருந்தால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு வந்திருப்போம்.

அடுத்தது தூக்கு. கிடங்கின் குறுக்குச் சட்டத்திலிருந்து பத்தடி நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாமலிருக்க அதைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கினோம். ஒவ்வொரு செங்குத்துத் தளத்தையும் நூலின் மேல் விழவைத்தோம். கீழே நூலோடு பொருந்திய கோடு மேலேயும் பொருந்த வேண்டும். மூன்று மீட்டருக்கு அனுமதி ஒரு மி.மீ.க்குள். 12 லைனில் ஒரு தளம் சரியாக இருந்தது, மற்றது 4 மி.மீ. சாய்ந்தது. ஒரு தளம் சரி, இன்னொன்று தவறு என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கருவியைத் தானாக மட்டத்தில் நிறுத்த உள்ளே ஊசலாடும் பகுதி ஒன்றுதான். அதன் மேல் ஒவ்வொரு ஒளிக்கும் தனி டயோடு, தனிக் கூம்புக் கண்ணாடி. அவற்றை ஒவ்வொன்றாகத் திருகி நேராக்கும் வேலையில்தான் தயாரிப்பாளரின் நேரமும் காசும் போகிறது. விலை குறையும்போது முதலில் குறைவது அந்த நேரம்தான் என்பது என் கணிப்பு.

கடைசியாக மூலை. தரையில் ஒரு புள்ளி, அதன் மேல் லேசர். இரண்டு செங்குத்துத் தளமும் தரையில் போடும் கோடுகளில் ஒன்றில் 3 மீட்டரும் மற்றதில் 4 மீட்டரும் குறித்தால் குறுக்கே 5 மீட்டர் வர வேண்டும். நம் மேஸ்திரிகள் அஸ்திவாரத்துக்கு நூல் போடும் அதே மூன்று-நான்கு-ஐந்து. 12 லைனில் குறுக்களவு 3.5 மி.மீ. கூட வந்தது. கணக்குப் போட்டால் 4 மீட்டர் தூரத்தில் கோடு 6 மி.மீ., இரண்டு நூல் விலகுகிறது. எல் வடிவச் சமையல் மேடையில் கிரானைட் மூலை சேரும் இடத்தில் அது பளிச்சென்று தெரியும். மூன்றாவது ரகத்தில் ஒரு மி.மீ.கூட வரவில்லை. சிவப்பில் செங்குத்துத் தளம் ஒன்றே ஒன்று, அதனால் இந்தச் சோதனைக்கே வழியில்லை.

அந்த ஒரு பெட்டி அப்படி இருந்தது. அதே மாடலில் அடுத்த பெட்டி சரியாகவும் இருக்கலாம். சோதிக்க வேண்டியது கையில் எடுக்கும் அந்தப் பெட்டியை. மாடலைப் பற்றிப் படிப்பதால் இதற்கு விடை கிடைக்காது.

மூன்றாவதை எடுத்தோம், டிடெக்டரும் சேர்த்து. கோவையிலேயே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருந்ததும் ஒரு காரணம். கீழே விழுந்தால் நேராக்க அனுப்பும் ஊர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேலையிடத்தில்

முதல் வேலை, சமையலறையில் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் கோடு. தரை சரிந்திருப்பதால் அந்த "ஒரு மீட்டர்" எங்கிருந்து என்ற கேள்வியே எழக் கூடாது. கோட்டிலிருந்து தரை வரை பல இடங்களில் அளந்து, எங்கே அளவு மிகக் குறைவோ அதுவே தரையின் உயர்ந்த இடம். அங்கே அலமாரியின் அடிச்சட்டம் தரையைத் தொட வேண்டும், மற்ற இடமெல்லாம் ஆப்பு வைத்துத் தூக்க வேண்டும். டியூபில் இதைச் செய்ய ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பேர் வேண்டும். லேசர் எரிந்துகொண்டிருக்க, ஒரே பையன் டேப்போடு சுற்றி வந்து முடித்துவிட்டான்.

சுவரின் சாய்வையும் அப்படியே எடுத்தோம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, அதற்கு இணையாக ஒரு செங்குத்துத் தளத்தை நிறுத்தி, மேலும் கீழும் இடமும் வலமும் சுவர் வரை அளந்து அந்த எண்களைச் சுவரிலேயே எழுதினோம். எந்தச் சட்டத்துக்குப் பின்னால் எத்தனை மி.மீ. கட்டை வைக்க வேண்டும் என்பது அதிலேயே இருந்தது. பேனல் வேலைக்கு லேசர் தந்த மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லேசர் கோட்டுக்கும் தடிமன் உண்டு, தூரம் போகப் போக அகலும். கோட்டின் நடுவில் குறிப்பதா, மேல் ஓரத்தில் குறிப்பதா என்று எல்லோரும் முதலிலேயே ஒன்றாக முடிவெடுக்காவிட்டால் அதிலேயே அரை நூல் போய்விடும்.

பிரச்சினை வந்தது சித்திரையில், தொட்டியைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் படுக்கையறைக்கு அதே மட்டத்தைக் கடத்தியபோது. ஒன்பது மீட்டர் தூரம். லேசர் வாசல் வழியாக எதிர்ச் சுவரில் விழுந்த இடத்துக்கும், ஆசாரி டியூப் பிடித்துக் குறித்த இடத்துக்கும் 6 மி.மீ. வித்தியாசம். லேசருக்கு அந்தத் தூரத்தில் அனுமதி 2.7. "நாஞ் சொன்னனுங்ளா" என்று ஆசாரி பார்த்தார். குழுவும் அவர் பக்கம்தான்.

முதலில் லேசரைச் சந்தேகப்பட்டோம். அதே இடத்தில் வைத்து 180 பாகை திருப்பி, பின்பக்கக் கோட்டால் அதே சுவரில் அடித்தோம். ஒரு மி.மீ.தான் மாறியது. லேசர் சாய்ந்திருந்தால் திருப்பும்போது பிசகு எதிர்ப்பக்கம் விழுந்து இரட்டிப்பாகத் தெரிந்திருக்கும். அப்புறம் டியூபுக்கு வந்தோம். இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. குமிழி எங்கேயும் இல்லை. டியூபைத் தொட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: பாதி டியூப் தொட்டி வெயிலில் கிடந்து சுட்டது, பாதி உள்ளே நிழலில் குளுகுளுவென்று இருந்தது.

தண்ணீர் சூடானால் அடர்த்தி குறையும். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரும் 45 டிகிரியில் இருக்கும் தண்ணீரும் டியூபின் இரு கால்களில் நின்றால், ஒரு மீட்டர் உயரத்துக்குச் சூடான பக்கம் ஐந்தரை மி.மீ. மேலே நிற்கும். டியூப் தரையில் எவ்வளவு நீளம் கிடக்கிறது என்பது பொருட்டல்ல, செங்குத்தாக நிற்கும் இரண்டு கால்களின் சூடுதான் கணக்கு. எங்கள் கோடு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்ததால் கணக்கு அப்படியே பொருந்தியது. தண்ணீரைக் கொட்டி, ஒரே வாளித் தண்ணீரை நிரப்பி, உடனே பிடித்தோம். லேசரும் டியூபும் ஒரு மி.மீ.க்குள் சேர்ந்தன.

ஆசாரி ஒத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. "தண்ணி பொய் சொல்லுலீங். நாமதான் ரெண்டு தண்ணிய ஒரே டியூப்புல விட்டுப்போட்டங்." அன்றிலிருந்து டியூபை நிழலில் சுருட்டி வைப்பதும், ஒவ்வொரு முறையும் முனைகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பதும் அவர் போட்ட விதி. லேசர் வந்ததால் டியூப் ஒழுங்கானது என்று சொன்னாலும் தவறில்லை. ஒன்றையொன்று சரிபார்க்க இரண்டு வழி இருந்ததால்தான் இது வெளியே வந்தது.

லேசருக்கும் சூடு ஆகாது. பல கருவிகளுக்கு 40 டிகிரிதான் மேல் எல்லை என்று கையேட்டில் இருக்கும். கரூர் பரமத்தியில் வேலை செய்பவர்கள் கோடையில் நிழலிலேயே அந்த எண்ணைத் தாண்டுவார்கள். அடைத்த காருக்குள் மதியம் முழுக்க விட்டுவிட்டு, எடுத்த உடனே குறி போடக் கூடாது.

ஆடியில் முன் ஆசாரம்

ஓட்டு வேலை ஆடியில் வந்து சேர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலைக்கும் பல்லடத்துக்கும் என்ன செய்யும் என்பது அங்கே சுழலும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டாண்டின் மேல் லேசரை வைத்தால் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. பலமாக அடிக்கும்போது மட்டம் தவறியதாக நினைத்துக் கருவி மின்னி மின்னி எச்சரித்தது. தூக்குக்குண்டும் நிற்கவில்லை.

அதனால் ஸ்டாண்டை விட்டோம். ஆசாரத்தின் நடுவில், சுவரோரமாகக் காற்று மறைவில், தரையில் ஒரு கருங்கல் துண்டின் மேல் லேசரை வைத்தோம். ஆறு கல்தூண்களிலும் முழங்கால் உயரத்தில் மட்டக் குறி. அங்கிருந்து மேலே உத்திரம் உட்காரும் உயரத்தை ஒரே நேரான சட்டத்தை அளவுக்கோலாக வெட்டி வைத்துக்கொண்டு தூக்கினோம். டேப்பை ஆறு முறை காற்றில் பிடிப்பதைவிட ஒரே கோல் ஒழுங்கானது. முன்வரிசைத் தூண்களில் பகலில் கோடு தெரியாது. டிடெக்டரைத் தூணோடு ஒட்டி ஏற்றியிறக்கி, அது கத்தும் இடத்தில் குறித்தோம். டிடெக்டர் இல்லாதவர்கள் பொழுது சாய்ந்தபின் குறி போட்டுக்கொள்ளலாம், அதுவும் நல்ல வழிதான்.

லேசரை நடுவில் வைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. இரண்டு கடைசித் தூண்களும் லேசரிலிருந்து ஒரே தூரம். ஒரு பக்கத்தைக் குறித்துவிட்டு, கருவியைத் திருப்பி, அதே முகத்தின் கோட்டாலேயே மறுபக்கத்தையும் குறித்தால் கருவியின் பிசகு இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும், வித்தியாசத்தில் அடிபட்டுப் போகும். சர்வேக்காரர்கள் முன்பார்வையையும் பின்பார்வையையும் சம தூரத்தில் வைப்பது இதே காரணத்துக்காகத்தான். 0.3 கருவியைக் கொண்டு அதைவிட நல்ல வேலை வாங்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இரண்டு தூண்கள் ஒரு அங்குலத்துக்குக் கிட்டத் தாழ்ந்திருந்தன. தேக்குக் கட்டை வைத்து உயர்த்தி உத்திரத்தை ஏற்றினோம். மழைத்தண்ணீர்க் காலுக்கு மட்டும் பத்தடிக்குக் கால் அங்குலம் என்று 40 அடிக்கு ஒரு அங்குல வாட்டம் வேண்டியிருந்தது. அதையும் அதே மட்டக் கோட்டிலிருந்து அளந்து இறக்கினோம். கைமரங்களை ஒரே சரிவில் நிறுத்த லேசரின் ஊசலைப் பூட்டிச் சாய்த்து அடிக்கும் வசதி உண்டு. காற்றில் அது வேலைக்காகவில்லை. இரண்டு ஓரக் கைமரத்துக்கும் நூல் கட்டி நடுவில் இருப்பதை அதற்குச் சேர்த்தோம். ரீப்பர் இடைவெளிக்கு லேசரே வேண்டாம். இருக்கிற ஓட்டை வைத்துப் பார்த்து, அதன் பிடிப்புக்கு ஏற்றபடி ஒரு கட்டை வெட்டிக்கொள்வதுதான் முறை. பழைய ஓடு ஒரே அளவாக இருக்காது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் ஒரு ஏற்பாடு செய்தோம். இவை வகுப்பு 2 லேசர், ஒரு மில்லிவாட்டுக்குள். கண் கூசி இமை மூடும் கால் நொடிக்குள் ஆபத்தில்லை என்பதுதான் அந்த வகுப்பின் பொருள். வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பது வேறு. கோட்டைப் பெரியவர்கள் கண்ணுக்கும் பிள்ளைகள் கண்ணுக்கும் நேராக இல்லாத உயரத்தில் வைத்தோம், கண்ணாடி பீரோவைத் துணியால் மூடினோம்.

இப்போது நடப்பது

பட்டறையின் இரண்டு எதிர்ச் சுவரிலும் நிரந்தரக் குறி வைத்திருக்கிறோம், ஒரு ஓரத்தில் பத்தடித் தூக்கு நூல் எப்போதும் தொங்கும். லேசர் வெளி வேலைக்குக் கிளம்பும் முன்பும், கை தவறி விழுந்தால் உடனேயும் மூன்று சோதனைகளும் நடக்கும். வண்டியில் ஏற்றும் முன் ஊசல் பூட்டு போட்டிருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். பூட்டாமல் உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வரை குலுங்கி வந்தால் உள்ளே இருப்பது தன்னைத்தானே இடித்துக்கொண்டே வரும். கண்ணாடியில் படியும் மரத்தூளைப் பஞ்சால்தான் துடைப்பது. தூள் படிந்தால் கோடு மங்கும், சில இடத்தில் இரண்டாகவும் பிரியும்.

எங்கள் தேர்வு எல்லோருக்கும் பொருந்தாது. கதவு நிலை மாட்டுவதும் ஜன்னல் வைப்பதும் மட்டுமே வேலை என்றால் சோதித்து வாங்கிய சிவப்பு இரண்டு கோடு போதும், தூக்கு ஒன்றுதான் அங்கே முக்கியம். ஃபால்ஸ் சீலிங் மட்டும் செய்பவருக்குக் கிடைத்தளம் நன்றாக இருந்தால் போதும், மூலை கொஞ்சம் பிசகினாலும் அவருக்கு வேறு வழி உண்டு. மாடுலர் கிச்சனும் அலமாரியும் பிழைப்பாக இருப்பவருக்குத்தான் மூன்று தளமும் ஒழுங்காக வேண்டும், அவர் அந்தக் காசைச் செலவழித்தே ஆக வேண்டும். பல்லடம் பக்கம் நீளநீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகையோ தறிக் கொட்டகையோ போடும் குழுவுக்கு இந்தக் கோட்டு லேசர் எதுவுமே சரிவராது. வெட்டவெளி, நூறடிக்கு மேல் நீளம், முழு வெயில். அங்கே ஆட்டோ லெவலை (சர்வேக்காரர்கள் முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி மட்டக்கருவி) ஒரு நாள் வாடகைக்கு எடுத்து எல்லாத் தூணிலும் குறி போட்டு முடித்துவிடுவது ரோட்டரி லேசர் வாங்குவதைவிட மலிவு, துல்லியமும் கூடுதல்.